வடக்கு ஜன்னலில் என் முகம்

10.12.1974, செவ்வாய்

காலையில் மூடுபனி. பத்து மணி வரை எதிர்ச்சரிவு கண்ணுக்குத் தெரியவில்லை. தேங்காயெண்ணெய் புட்டியிலேயே வெள்ளையாக உறைந்துவிட்டது. வெந்நீர் வைத்து, ஒன்பது மணிக்கு மீசையை எடுத்தேன்.

முப்பத்தைந்து ஆண்டு மீசை. ஐந்து நிமிட வேலை.

பால் கொண்டுவந்த பாக்கியம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏய்யா, மீசய எங்க?”

“வேண்டுதல்.”

“மொட்ட போடுறவுகளப் பாத்திருக்கேன். மீசய நேந்துக்கிட்டவுகள இப்பத்தான் பாக்கேன். வேதக்காரவுகளுக்கு அப்படியெல்லாம் உண்டா?”

உண்டு என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். தோட்டத் தொழிலாளர் லயம் முழுக்க இந்நேரம் செய்தி பரவியிருக்கும். பரவட்டும்.

எழுதியே தீர வேண்டிய ஒன்று. வயது அறுபத்து மூன்று. சின்னக்கானலில் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்று, தேவிகுளத்துக்குக் கீழே வாடகை வீடு. மணமில்லை. ஊருக்கு நான் ஆண். எனக்கு நான் பெண், சிறு வயதிலிருந்தே. இதைத் தாளில் எழுதுவது இன்றுதான் முதல் முறை. எழுதிய பிறகும் பேனா நன்றாகவே எழுதுகிறது.

தங்கை எஸ்தர் (இனி எ.) 21ஆம் தேதி சனிக்கிழமை வண்டிப்பெரியாரிலிருந்து வருகிறாள். வழக்கம்போல் கிறிஸ்துமஸ் வரை தங்கி, அச்சுமுறுக்குச் சுடுவாள். இரத்த உறவென்று எனக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்தி. இவ்வாண்டு அவளுக்குக் கதவைத் திறக்கப்போவது நானாகவே, என் முகத்தோடு.

போன ஈஸ்டருக்கு வந்தபோது என் கால்நகத்தில் சிவப்புச் சாயத்தின் மிச்சத்தைப் பார்த்துவிட்டாள். நகச்சொத்தைக்கு மருந்து என்றேன். “மருந்து அழகாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். கேலியா, சம்மதமா? அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

12.12.1974, வியாழன்

போடிக்குப் போய்த் திரும்பினேன். இங்கே மூணாறு கடைத்தெருவில் வாங்கினால் எல்லாரும் தெரிந்த முகம்.

நாடகச் சாமான் விற்கும் கடை. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு என்று சொல்லி வாங்கியவை: பான்கேக் (முகப்பூச்சு) ஒரு டப்பா, ரோஸ் பவுடர், கண்மை, உதட்டுச் சாயம் (சிவப்பு; அடர்சிவப்பைக் காட்டினார், மறுத்தேன்), சாந்துப்பொட்டுச் சீசா. கடைக்காரர் என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. “வேஷக்காரர் மாநிறமா கறுப்பா?” என்று மட்டும் கேட்டார். மாநிறம் என்றேன். வேஷக்காரர் என்ற சொல் வழியெல்லாம் உறுத்திற்று. வேஷம் தொழிற்சாலையில் ஆணாகப் போட்டதுதான்.

சாந்துப்பொட்டு எங்கள் குடும்பத்தில் யாரும் வாங்காத பொருள். அம்மா வைத்ததில்லை, எ. வைப்பதில்லை. மிஷன் கோயில் வழக்கம் அப்படி. ஆனால் நான் ஆண்டுக்கணக்கில் பார்த்து ஏங்கியது கொழுந்துக்கூடையோடு வந்து நிறுவைக்கு நின்ற பெண்களின் முகங்களை. அம்முகங்களின் நடுவில் பொட்டு இருந்தது.

போடிமெட்டு செக்போஸ்டில் அரிசிக் கடத்தல் சோதனைக்குப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். காவலர் ஒவ்வொரு பையாகப் பிசைந்தார்.

“சாரே, அரி உண்டோ?”

“அரிசி இல்லை.”

என் பையில் கைவிட்டு, பான்கேக் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். “இது எந்தா?”

“நாடகச் சாமான்.”

“ஆருக்கா பெண்வேஷம்?”

“எனக்குத்தான்” என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. பஸ்ஸே சிரித்தது.

“ஈ பிராயத்திலோ!” என்றார் காவலர். டப்பாவை மூடி, தம் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். “நன்னாயி வரட்டே, சாரே.”

பின்சீட்டுக் கிழவர் ஒருவர் பூப்பாறை வரை விடவில்லை. “சேலைய எறக்கிக் கட்டணும் பாத்துக்கிடுங்க. எங்கூரு நாடகத்துல ஒருத்தன் ஏத்திக் கட்டிக் கெண்டக்கால் தெரிஞ்சு மானம் போச்சு.” நன்றி சொன்னேன். உபயோகமான தகவல்.

13.12.1974, வெள்ளி

நேற்றைய குறிப்பில் முதலில் தேதியை 11 என்று எழுதியிருந்தேன். திருத்தினேன். எனக்கு இப்படி நேர்வதே கிடையாது.

காலை உணவு மறந்தது. ஜன்னல்களையெல்லாம் அடைத்து, பல்பைப் போட்டு, கண்ணாடியின் முன் உட்கார்ந்தேன். கண்மை இரண்டு தடவை கன்னத்தில் இழுத்துவிட்டது. ஆனாலும் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது

இருந்தாள்.

வேறெப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உரக்கச் சிரித்துவிட்டேன். சிரித்தபோது அவளும் சிரித்தாள்.

அந்த மகிழ்ச்சியிலேயே ஜன்னலைத் திறந்து, கைக்கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தேன். வைக்கோல் பொம்மை! செங்கல் நிறத்தில் முகம். தாடை மட்டும் சாம்பல் நீலம். கன்னத்தில் பான்கேக் வெடித்து, வறண்ட குளம். நாடகத்துக்கு என்று பொய் சொன்னேன். போடிக் கடைக்காரரும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் தெரிகிற முகத்தைக் கொடுத்துவிட்டார். குற்றம் அவருடையதல்ல.

பிழையின் மறுபாதி முழுக்க என்னுடையது. தேயிலைத் தூளின் நிறத்தை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். பல்பின் மஞ்சளில் எந்தக் குப்பையும் பொன்னாகத் தெரியும். தொழிற்சாலையில் எத்தனை பேரை இதற்காகக் கடிந்திருக்கிறேன்! என் முகம் என்று வந்ததும் பல்பைப் போட்டுக்கொண்டேன்.

மேசையை வடக்கு ஜன்னலுக்கு மாற்றியாயிற்று. தனியாகவே இழுத்தேன். இடுப்பு வலி.

14.12.1974, சனி

வெயில். வடக்கு ஜன்னலில் காலை முழுவதும்.

அறிந்துகொண்டவை:
எண்ணெயை வெந்நீரில் வைத்து உருக்கி, ஒரு துளி தடவித் துடைத்த பிறகே பான்கேக். அதுவும் நீர் கலந்து, பூசியதே தெரியாத அளவு.
தாடை நீலத்துக்கு எத்தனை பவுடர் போட்டாலும் பயனில்லை. உதட்டுச் சாயத்தை மிக மெல்லிதாகத் தேய்த்து அதன்மேல் பவுடர் போட்டால் நீலம் அடங்குகிறது. (என் சொந்தக் கண்டுபிடிப்பு. மிகுந்த பெருமை.)
கண்மை, குறைவாக. இன்னும் குறைவாக.

கழுவிவிட்டுத்தான் பால் வாங்கினேன். பாக்கியம் உற்றுப் பார்த்தாள்.

“கண்ணு ரெண்டும் கறுத்துக் கெடக்கே, தூக்கம் இல்லையோ?”

“இல்லை.”

“ஆனா மொகம் தெளிச்சியா இருக்குய்யா. என்னமோ, வேண்டுதல் பலிச்சிருச்சு போல.”

அவள் போன பிறகு அடுக்களையில் நின்று, தெளிச்சி, தெளிச்சி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மைக்கறையை எண்ணெய் வைத்து எடுக்க வேண்டும், சோப்பு போதாது. குறித்துக்கொள்க.

18.12.1974, புதன்

தூறல். ட்ரங்குப் பெட்டியிலிருந்து சேலை எடுத்தேன். மெல்லிய இளநீல வாயில் துணி. எ.க்கு என்று மதுரையில் வாங்கியது, அவளுக்குக் கொடுக்கவேயில்லை. வாங்கும்போதே தெரியும், யாருக்கு என்று.

பஸ் கிழவர் சொன்னபடி இறக்கிக் கட்டினேன். கண்ணாடியில் கணுக்கால் தெரியவில்லை. திருப்தி. முகமும் இன்று முதல் முயற்சியிலேயே அமைந்தது. கடைசியில் பொட்டு. வைத்ததும் எல்லாம் ஒன்றுகூடிவிட்டது போல் இருந்தது. வீட்டுக்குள் இங்குமங்கும் நடந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். அரிசி களைந்தேன். சாதாரண வேலைகள். இவ்வளவு மகிழ்ச்சியாக அரிசி களைந்ததில்லை.

20.12.1974, வெள்ளி

நாளை எ.

மதியம் வரை உற்சாகம். பிறகு ஒரே கேள்வி. வந்தவள் பையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டால்? இந்தக் கிறிஸ்துமஸ் மட்டுமன்று, எல்லாக் கிறிஸ்துமஸும் போயிற்று. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, காதில்கூட ஒன்றுமில்லாதவள் அவள். பவுடர் போட்ட பெண்களையே கோயிலில் முறைப்பாள்.

வழக்கமான சட்டை வேட்டியில் நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மீசைக்கு மட்டும் ஏதாவது சொன்னால் போதும்.

மாட்டேன்.

பச்சரிசி ஊறப்போட வேண்டும். ஏலக்காய், எள் இருக்கிறது. முட்டை வாங்க வேண்டும்.

21.12.1974, சனி

மாலை நான்கு மணி. அவசரமாக எழுதுகிறேன்.

பஸ் பன்னிரண்டரைக்கு வந்தது. கதவைத் தட்டினாள். “அண்ணே, தொறங்க, கை மரத்துப்போச்சு.” திறந்தேன். இளநீலச் சேலை, மை, பவுடர், பொட்டு, எல்லாவற்றுடனும்.

எ. ஒரு கையில் பை, மறு கையில் காகிதம் சுற்றிய முறுக்கு அச்சு. நின்றாள். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் மூன்று. ஒன்றும் வரவில்லை. “எஸ்தர், இதுதான் நான்” என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே வந்தாள். பையை வைத்தாள். கதவுக்கு அவளே தாழ் போட்டாள். பிறகு என் தாடையைப் பிடித்து, வடக்கு ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள்! நான் அவளுக்கு அதைச் சொல்லித் தந்ததே இல்லை.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோபம். உண்மையான கோபம்.

“இது என்ன நெத்தியில?”

“பொட்டு.”

“தெரியுது. நம்ம வீட்டுப் பொம்பளையாளுக யாராவது பொட்டு வச்சிருக்காகளா? அம்மா இருந்தா என்ன சொல்லுவா?”

தன் முந்தானை நுனியை எச்சிலில் தொட்டு, அழுத்தித் துடைத்துவிட்டாள். வலித்தது. அசையாமல் நின்றேன். நம்ம வீட்டுப் பொம்பளையாளுக என்று அவள் சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே மேலே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.

“மத்ததெல்லாம்?” என்று கேட்டேன்.

“மத்தது கெடக்கட்டும். கழுத்துக்கும் பவுடர் போடணும். மொகம் ஒரு ஊரு, கழுத்து ஒரு ஊருன்னா இருக்கு.” பிறகு, தணிந்த குரலில்: “அந்த நகச்சொத்த மருந்து இன்னும் இருக்கா?”

இருக்கிறது என்றேன். அவள் கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்ல அடுப்பு இன்னும் மூட்டவில்லை.

கதவைத் திறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அண்ணே என்று அழைக்கவில்லை. வேறு எப்படியும் அழைக்கவில்லை. “இந்தாங்க”, “இங்க பாருங்க” என்றே நடக்கிறது. போதும்.

எண்ணெய் உருகிக் காய்ந்துவிட்டதாம். அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறாள்:

“எழுதினது போதும், வாங்க. முந்தானைய இடுப்புல செருகிக்கிடுங்க, மாவுல விழும்.”