நேராக்கிய மெட்டு

2007 ஜூன் 9, சனி

மழை விடவில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளாக ஈரம், வாடை வேறு. பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் சிக்குன்குனியா. சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார்கள்.

வாங்க: கொசுவர்த்தி. மிடி கேபிள் ஒன்று (கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது; பழையது தொட்டாலே விட்டுவிடுகிறது). சாளை மீன்.

சாளை இல்லை. விழிஞ்ஞத்திலிருந்து வரும் மீன்காரி, "இனி டிராலிங் நிரோதனம் மோளே, வெல கேக்காண்டாம்" என்று, விசைப்படகுக்குத் தடை வருவதைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டுப் போனாள். முட்டைக் குழம்பு.

டாக்டர் சொன்னதை இதுவரை எங்கும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். அண்ணனுக்குத் தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. முதலில் வலது கை. பிறகு இடது. பிறகு பேச்சு. மருந்து கிடையாது. இருபது வருஷம் கானமேளா மேடைகளில் கீபோர்டு வாசித்தவனுக்கு இது. கர்த்தரிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம்.

இன்று வாசித்தான். முன்னறையில் இரண்டு சின்தசைசர்: பெரியது (பெ.) கட்டைகள் உள்ளது, அவன் கல்ஃப் புரோக்ராமுக்குப் போனபோது வாங்கி வந்தது. சின்னது (சி.) வெறும் திருகு குமிழ்கள், என்னுடையது. இரண்டும் என் கம்ப்யூட்டரோடு கட்டியிருக்கிறது. அவனுடைய சொந்த மெட்டு, பேர் வைக்காதது. பாதியில் நின்றான், திரும்பத் தொடங்கினான், நின்றான். கடைசியில் ஒருமுறை முழுதாக. சட்டை நனைந்துவிட்டது.

"போட்டுக் கேக்கட்டா அண்ணே?"

"கேக்காண்டாம். எல்லாத்தையும் நேராக்கிப் போடு. இத எவனும் கேக்கப்பிடாது."

மைனி கிரேஸ், அண்ணன் பெண்டாட்டி, அடுக்களையிலிருந்து, "முதல்ல வந்து ரெண்டு வாய் சோறு தின்னுங்க" என்றாள். ஊட்டிவிடுவது அவள்தான்.

ஜூன் 10, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

காலையிலேயே உட்கார்ந்து மெட்டை நேராக்கினேன். என் புரோகிராமில் அவன் வாசித்தது வரிவரியாக விழுந்திருக்கிறது. ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வரி: எது, எவ்வளவு அழுத்தம், எப்போது. மெட்டு சுற்றிச் சுற்றி ஓடும். ஓடும்போதே ஒரு வரியை மாற்றி என்டர் தட்டினால் அடுத்த சுற்றில் மாறிக் கேட்கும். அண்ணன் இதற்கு வைத்த பேர் டைப்ரைட்டர் கச்சேரி.

பிந்தி விழுந்த ஸ்வரங்களை எல்லாம் அதனதன் இடத்துக்கு இழுத்தேன். அழுத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஒரு கட்டளை, வேலை முடிந்தது. அதே பேரில் சேமித்தாயிற்று. ஆபீஸிலும் பழைய பிழையை வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது, அதற்கு அங்கே நல்ல பேர்.

மரச்சீனிக் கிழங்கு அவித்தது. நல்ல ருசி.

ஜூன் 16, சனி

சாயங்காலம் ஷிபு வந்தான், அண்ணன் ட்ரூப்பில் டிரம்ஸ் வாசிப்பவன். கை நிறைய நேந்திரம்பழம். "ஆசானே, சுகமல்லே?" என்று கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மெட்டைப் போட்டேன். பெ.யில் வீணை மாதிரி ஒரு சத்தம், சி.யில் அடியில் ஒரு இழுப்பு. ஷிபு சோபாக் கையில் தாளம் போட்டான். "கொள்ளாம்! ஒந்நாந்தரம்!" என்று மெச்சினான்.

அண்ணன் இரண்டு சுற்று கேட்டான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"இது யாரு வாசிச்சது?"

"நீதான்."

"நானா? இதுல நான் எங்கட்டி இருக்கேன்?"

ஷிபு தாளத்தை நிறுத்திவிட்டான்.

"பழசப் போடு. அன்னைக்கு வாசிச்சது."

இல்லை என்றேன். அழித்தாயிற்று என்றேன். பிறகு, வாய் சும்மா இருக்காதே, "நீதானே நேராக்கச் சொன்ன" என்றும் சொன்னேன்.

"சொன்னேன். நான் சொல்லத்தான் செய்வேன். அதுக்காக நீ செய்வியா?"

கோபப்பட்டிருந்தால் தேவலை. படவில்லை. "சரி போட்டும், நாளைக்கு ஒருக்கா வாசிச்சிரலாம்" என்றுவிட்டு ஷிபுவிடம் பழத்தை உரிக்கச் சொன்னான்.

ஜூன் 17, ஞாயிறு

வாசிக்க முடியவில்லை.

பிளாஸ்டிக் கட்டை. கைக்குழந்தை அழுத்தினாலும் சத்தம் வரும். அண்ணன் விரல் அதன்மேல் இருந்தது, இறங்கவில்லை. நான் கேபிளைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். இடது கையால் வலது கையைத் தூக்கிக் கட்டைகள் மேல் போட்டான். நாலைந்து ஸ்வரம் ஒன்றாகக் கத்தியது. மறுபடி தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

மைனி வந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "போதும். எந்திரிங்க."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அண்ணன் வலது கை கடைசியாக வாசித்தது ஒன்பதாம் தேதிதான். அதை நான் ஆபீஸ் பிழையைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டேன். வேறு யாராவது செய்திருந்தால் கையை ஒடித்திருப்பேன்.

ஜூன் 18, திங்கள்

ஆபீஸுக்கு, கழக்கூட்டம் பஸ்ஸில் நின்றுகொண்டே. கம்ப்யூட்டரில் எங்காவது பழைய நகல் இருக்குமா என்று போவதற்கு முன்னும் தேடினேன், வந்த பிறகும் தேடினேன். இல்லை.

மேனேஜர்: "எந்தா, கண்ணு சுவந்நிரிக்குந்நல்லோ?" கண் சிவந்ததற்கு மெட்ராஸ் ஐ என்றேன். எல்லோரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று.

ஜூன் 30, சனி

அண்ணனே கூப்பிட்டான். "ஏட்டி, அந்த டைப்ரைட்டர எடு. நான் சொல்லுகேன், நீ அடி."

என்ன என்று புரியவில்லை. மெட்டை ஓடவிட்டேன், அந்த நேரானதை.

"இடது கையத் தொடாண்டாம், அது ஒழுங்காத்தான் இருந்து. வலதுல மூணாவது ஸ்வரம் லேட்டு."

அடித்தேன்.

"இன்னும்."

அடித்தேன்.

"இன்னும் கொஞ்சம். ஏ, கூடிப்போச்சு. நான் குடிச்சுட்டா வாசிச்சேன்?"

இரண்டு பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரித்து எத்தனை நாள்.

"மோதிரவிரலு அப்பமே போயாச்சு. அது விழுக இடம் எல்லாம் பாதி சத்தம் போதும்." எந்த ஸ்வரம் எந்த விரல் என்று அவனுக்கு அத்துப்படி. விரல்விரலாகச் சொன்னான். நான் வரிவரியாகக் கெடுத்தேன். பேச்சும் இப்போதே வாக்கியக் கடைசியில் கொழகொழவென்று வருகிறது, சிலதை மறுபடி கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கூசியது. கேட்டேன்.

நடுவில் கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தியது. சேமித்தேன். வேறு பேரில். சி.டி.யிலும் ஒன்று.

ஜூலை 1, ஞாயிறு

முடித்துவிட்டோம். ஐந்தாவது வரியில் ஒரு தயக்கம், அது மட்டும் பிடிபடாமல் மத்தியானம்வரை இழுத்தது. பிறகு வந்துவிட்டது. அண்ணன் இடது கையால் முட்டில் தட்டினான்.

"ஆ. இது நான்."

மைனி கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் புரோகிராமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "இது அன்னைக்கு வாசிச்சதுல்லா? கிட்டியாச்சா?" என்றாள்.

ஆமாம் மைனி என்றேன். பொய்தான். ஆனால் அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை.

இன்று சந்தோஷம். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் ஒருவழியாகக் காய்ந்தது.

காலையில் அண்ணன் இடது கையிலிருந்து சாயா டம்ளர் விழுந்தது. மைனி துடைத்தாள்.

மத்தியானம் மெட்டைப் போடச் சொன்னான். ஓடியது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு:

"இது ஜூன். ஜூலை போடு."

"என்னது?"

"இப்பம் எனக்க கை எப்பிடி இருக்கோ, அப்பிடி."

வலது கை வரிகளை எடுத்தேன். இடது கை மட்டும் ஓடியது, அடிச் சுருதி மட்டும். அதில் சுண்டுவிரலைப் பாதியாகக் குறைக்கச் சொன்னான். குறைத்தேன்.

"ஆகஸ்டு."

"அண்ணே, எதுக்கு இது?"

"பயமா இருக்குட்டி. ஒருக்கா கேட்டுட்டா பயம் போவும்."

அடித்தேன். ட்ரூப்புக்கு ரிகர்சல் கொடுக்கிற அதே முகத்தோடு சொல்லிக்கொண்டே வந்தான்: இந்த விரல் போகும், அது நிற்கும், இதைப் பிந்தவிடு. ஒவ்வொன்றையும் ஒரு சுற்றாவது கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னான். செப்டம்பரில் மெட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அக்டோபரில் இரண்டு ஸ்வரம். பெருவிரல், ஆள்காட்டி விரல். நடுவில் நீளமாக ஒன்றும் இல்லாமல், அந்த இரண்டும்.

"கிறிஸ்மஸ்" என்றான்.

கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அடி, மக்ளே."

அடிக்கவில்லை. திரையைப் பார்த்தேன். அழிப்பதற்கு இரண்டே வரிதான் மிச்சம். அண்ணன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சுற்று போயிற்று. இன்னொன்று.

அடுக்களையிலிருந்து மைனி கேட்டாள், "பாட்டு முடிஞ்சாச்சா? சோறு எடுக்கட்டா?"

"இன்னும் ஓடுது மைனி" என்றேன்.