பின் சீட் இருக்கிற வண்டி

மார்ச் 3, ஞாயிறு

முதல் வண்டியைப் பார்த்தாயிற்று. பார்த்த கண்ணைக் கழுவ வேண்டும்.

"ஒரே கை. பெண்மணி ஓட்டியது. அலுங்காமல் குலுங்காமல் வைத்திருந்தது." இது விளம்பரம். நேரில் போனால் சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பீரங்கிக் குழாய். பின் டயர் இரண்டும் மொட்டை, முன் டயர் இரண்டும் புத்தம் புதுசு. அந்தப் பெண்மணி அலுங்காமல் குலுங்காமல் காலி மைதானத்தில் வட்டம் வட்டமாகச் சறுக்கியிருக்கிறாள் போலும்.

பானெட்டைத் திறக்கச் சொன்னது நான். விற்கிறவன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்ஜின் பக்கா சார்" என்றான். டர்போவில் எண்ணெய் கசிகிறதே என்றேன். அதற்கும் அவரிடமே, "எல்லா வண்டியிலயும் அப்படித்தான் இருக்கும் சார்" என்றான். அவர் கணக்கு வாத்தியார். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி மட்டுமே ஓட்டத் தெரிந்தவர். டர்போ என்றால் சலவைத்தூள் என்று நினைக்கிற மனிதர். பாவம், தலையை மட்டும் ஆட்டினார். வண்டித் தகுதிச் சோதனை நிலையத்தில் வருஷக்கணக்காகப் பிரேக் சோதிக்கிறவள் பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் திரும்பி வரும்போது. சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 5, செவ்வாய்

தம்பி போன் செய்து வகுப்பெடுத்தான். "அக்கா, பட்ஜெட் பில்டுன்னா முதல்ல சேஸிஸ் பாக்கணும்." மலிவாக வாங்கி ஏற்றிக் கட்டுவதென்றால் முதலில் அடிச்சட்டமாம். வீடியோ பார்த்தே நிபுணரானவன். ஓட்டுவது ஆபீசில் கொடுத்த மூன்று சிலிண்டர் டப்பா. ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்கு வேண்டியது எனக்குத் தெரியும். பழைய வண்டி. பின் சக்கரம் தள்ள வேண்டும், கையால் கியர் போட வேண்டும், துரு இருக்கக்கூடாது. வாங்கியதுபோக மிஞ்சும் காசில் ஷாக் அப்சார்பர், பிரேக், நல்ல டயர். என் கையாலேயே மாற்றுவேன். இருபது வயதிலிருந்து உள்ள ஆசை.

இந்தப் பணம் ஏது என்று அவன் கேட்கவில்லை. எழுதி வைக்கிறேன். குழந்தைக்கென்று ஒதுக்கிய பணம். நாலாவது சிகிச்சைக்கு. ஜனவரியில் டாக்டரம்மா, "உங்க உடம்பைப் பாருங்க, இதோட நிறுத்திக்கலாம்" என்றார். சரி என்றேன். ஊசி குத்திக் குத்தி என் வயிறு எனக்கே அந்நியமாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அவராகத்தான், "அந்தக் காசுல நீ ஆசைப்பட்ட வண்டிய வாங்கிக்கோ" என்றார். முழுமனதாகத்தான் சொன்னார்.

சொன்னாரா?

மார்ச் 9, சனி

இன்று சோதனை நிலையத்தில் ஒருவன் கைப்பிரேக் வேலை செய்யாத வண்டியோடு ஒரு செங்கல்லையும் கொண்டு வந்து, இதை வைத்தால் நிற்கும் மேடம், சான்றிதழ் கொடுங்கள் என்றான். செங்கல்லுக்குக் கொடுக்கலாம். அது ஒழுங்காக நிற்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

ஐயோ. இன்று பார்த்தது வண்டி.

இரண்டே சீட், மேலே துணிக் கூரை, பொத்தானை அமுக்கினால் இரண்டு விளக்கும் தவளைக் கண் மாதிரி மேலே எழும். ஓட்டிப் பார்த்தேன். திருப்பத்தில் பின்பக்கம் என் இடுப்போடு சேர்ந்து திரும்பியது. வெகு நாளைக்குப் பிறகு என் உடம்பு எனக்குச் சந்தோஷம் கொடுத்தது. இறங்கியபோது வாயெல்லாம் பல். அசிங்கமாகத்தான் இருந்திருக்கும், இருக்கட்டும்.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பின்னாடி சீட்டே இல்லையேம்மா" என்றார்.

"எதுக்கு?"

"சாமான் கீமான் வைக்க. உன் தம்பி பிள்ளைங்க வந்தா ஏத்திட்டுப் போக."

தம்பி பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு முறை வருவார்கள். வந்த உடனே வண்டியில் வாந்தி எடுப்பார்கள். அதற்கு ஒரு சீட்டாம்.

வீட்டுக்கு வந்தும் மனிதர் போனை வைத்துக்கொண்டு நாலு பேர் உட்காரும் வண்டியாகத் தேடுகிறார். அதில் பாதி முன் சக்கர வண்டி. எது எந்தச் சக்கரத்தில் ஓடுகிறது என்றே தெரியாதவருக்குப் பின் சீட்டில் மட்டும் என்ன கரிசனம்!

மார்ச் 17, ஞாயிறு

அவரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தவளைக் கண் வண்டியை மறுபடி பார்க்கப் போனேன். போன வாரம் ஆசை கண்ணை மறைத்தது. இன்று காந்தமும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு போனேன்.

கதவுக்குக் கீழே காந்தம் ஒட்டவில்லை. கல்யாணப் பெண்ணுக்குப் பூசுவது மாதிரி பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறான். ஸ்க்ரூடிரைவரை வைத்து அமுக்கினேன், பிஸ்கட்டில் இறங்குவது போல உள்ளே போனது. அடிச்சட்டமே இற்றுப் போயிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், "மேடம் வண்டியைக் குத்தி ஓட்டை போட்டுட்டாங்க சார்" என்று இவரிடம் புகார் செய்கிறான்! ஓட்டையை நான் போடவில்லை, திறந்துதான் வைத்தேன் என்றேன்.

வேண்டாம் என்று திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதி. பரீட்சை தள்ளிப்போன பையன் முகத்தில் வருமே, அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 18, திங்கள்

மாமியார் போன். பிள்ளை எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறார்.

"ரெண்டு பேருக்கு மட்டும் எதுக்கும்மா வண்டி? பின்னாடி இடம் இருக்கறதா பாரு. யாரு கண்டா."

நான் கண்டேன் அத்தை. ஸ்கேனில், ரிப்போர்ட்டில், மூன்று முறை குளியலறைத் தரையில். நான்தான் கண்டேன்.

சொல்லவில்லை. சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டு இங்கே எழுதுகிறேன். வீரம்!

மார்ச் 24, ஞாயிறு

எருமை மாதிரி ஒரு வண்டி. கறுப்பு. இரண்டு கதவு, நாலு சீட், வரிசையாக ஆறு சிலிண்டர். விற்பவர் ஒரு பல் டாக்டர். "ஓட்டப் போறது நீங்கதானே?" என்று என்னைக் கேட்டு, சாவியை என் கையில் கொடுத்தார்.

வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். குறை சொல்லத்தான் பார்த்தேன். பின் சக்கரத்து ரப்பர் புஷ்கள் தேய்ந்துவிட்டன, பின் அச்சு டிஃபரன்ஷியலில் கொஞ்சம் எண்ணெய் ஈரம். மற்றபடி சுத்தம். ஒரு பொட்டுத் துரு இல்லை. விலையும் கைக்கு அடக்கம்.

மேலே எழுந்தேன். அவர் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். உட்காரும் மெத்தைக்கும் சாயும் மெத்தைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. சோதனைக்கு வருகிற வண்டிகளில் நான் தினமும் கையை விட்டுப் பார்க்கிற இடம்தான். குழந்தை இருக்கையைப் பூட்டுகிற இரும்பு வளையம். இந்த வயது வண்டிகளில் சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது. டர்போ தெரியாத மனுஷனுக்கு அது தெரிஞ்சிருக்கு. எங்கேயோ தேடிப் படிச்சிருக்கார். எனக்குத் தெரியாம.

வழியில் கேட்டுவிட்டேன். "யாரை உக்கார வைக்கப் போறீங்க அதுல? பேயையா?"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "நிறுத்தலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீ சரின்னே. என்னை யாரும் கேக்கலையே" என்றார்.

கேக்கலையாம். குத்துனது யாரை? கிழிச்சது யாரை? இவரைக் கேக்கணுமாம்! பக்கத்துல நாற்காலியில உக்காந்து பை தூக்கிட்டு வந்தவரு.

பை தூக்கிட்டு வந்தவருதான். ஒரு தடவைகூட வராம இருந்ததில்ல.

மார்ச் 25, திங்கள்

தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 30, சனி

எருமையை வாங்கிவிட்டேன். பின் சீட்டுக்காக இல்லை. இந்தக் காசுக்கு இதைவிட நல்ல அடிச்சட்டம் கிடைக்காது, அதற்காக. இதை ஏன் எழுதிக் காட்டுகிறேன், யார் கேட்டார்கள்?

கையெழுத்துப் போடும்போது அவரிடம் காகிதத்தை நீட்டி, "சம்மதமா?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "ம்" என்றார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தம்பி வண்டி பார்க்க வந்தான். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். பிறகு நிபுணர் வாய் திறந்தார்.

"அக்கா, மொதல்ல இந்தப் பின் சீட்டைத் தூக்கிக் கடாசு, கனம் குறையும். அஞ்சு பைசா செலவில்லாத மாடிஃபிகேஷன். எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க."

உண்மைதான். முதல் முறையாக அவன் வாயிலிருந்து ஓர் உண்மை வந்திருக்கிறது. அவர் டீத் தம்ளரோடு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"பின்னாடி கொஞ்சம் கனம் இருந்தாத்தான்டா டயருக்குப் பிடி கிடைக்கும்" என்றேன்.

தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீயாக்கா பேசற? மாமா, அக்காவுக்கு என்ன ஆச்சு?"

செங்கல் கொண்டு வந்தவன்கூட இதைவிட நல்ல காரணம் சொல்வான். இத்தனை நாள் ஊரில் உள்ளவனையெல்லாம் முட்டாள் என்று எழுதிய கை இது.

ஏப்ரல் 13, சனி

ஷாக் நாலும் மாற்றியாயிற்று. பிரேக் பிடிக்கிறது, நான் திருப்தியாகும் அளவுக்கு. கடைக்காரன் புஷ்களைத் தப்பான அளவில் கொடுத்தான். திருப்பிக் கொண்டுபோய் அவன் மேஜை மேல் கொட்டிவிட்டு வந்தேன்.

அவர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். ஷெட்டில் நான் மட்டும். இன்றைக்கு முடித்துவிடலாம் என்று பின் சீட்டு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

துருப்பிடித்து இறுகியிருந்தால் அதன்மேல் பழியைப் போட்டிருக்கலாம். தொட்டதுமே சுழன்றது. அரைச் சுற்று. அதற்கு மேல் கை போகவில்லை. இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். வளையம் இருக்கிறது. சில்லென்று இருந்தது.

பேயையான்னு கேட்டேனே அவரை. எனக்கும் வேணும். எனக்கும் இன்னும் வேணும்தான். டாக்டர்கிட்ட சரின்னு சொன்ன வாய் வேற, இது வேற.

போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட்டு, வண்டியைத் துடைத்து, அழுது தீர்த்துவிட்டு, கை கழுவினேன்.

ஏப்ரல் 17, புதன்

அவர் கேட்டார், சீட்டை எடுக்கலையா என்று. நேரம் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20, சனி

வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் ஆள் இல்லை. ஷெட்டில் விளக்கு எரிந்தது.

பின் சீட்டு வெளியே கிடந்தது. சுவரை ஒட்டித் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் கிரீஸ். ஒரு விடைத்தாளிலும் கிரீஸ், யார் வீட்டுப் பிள்ளை எழுதியதோ. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். இரும்புத் தரை. கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்.

"அடியில பிஸ்கட் தூள் இருந்துச்சு" என்றார். "அந்தப் பல் டாக்டர் வீட்டுப் பிள்ளைங்களா இருக்கும்."

"யாரு கழட்டச் சொன்னா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே. ஒரு போல்ட்டுல மட்டும் ஸ்பேனர் பட்ட தடம் புதுசா இருந்துச்சு." பேனாவை மூடி வைத்தார். "உன்னால முடியலைன்னு தெரிஞ்சுது. சரி, இதையாவது நான் செய்யறேன்னு."

கண் சிவந்திருந்தது. மனிதர் இங்கே தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு எழுந்து கூட்டியிருக்கிறார்.

போல்ட்டுகளைத் தேடினேன். எல்லாவற்றையும் ஒரே தம்ளரில் போட்டுக் கலந்து வைத்திருக்கிறார். எது எந்த ஓட்டைக்கு என்று ஒரு குறிப்பு இல்லை. தப்பான அளவு ஸ்பேனரைப் போட்டு ஒன்றின் தலையை மழுக்கியும் வைத்திருக்கிறார். எதையும் சொல்லிக் காட்டவில்லை.

"தள்ளி உக்காருங்க" என்றேன். அவர் விடைத்தாள்களை மடிக்கு எடுத்துக்கொண்டு நகர்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.