மூன்றாவது பேஸில் யாரும் இல்லை

சனிக்கிழமை, இரவு.

இன்று பள்ளிப் பெண்கள் பேஸ்பால் அரையிறுதியில் நானும் செல்வின் அண்ணாச்சியும் நடுவர்கள். அவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார், நான் பி.டி. டீச்சர். பந்து தூரமாகப் போனால் நான் "போறேன்" என்று கத்திவிட்டு கேட்ச்சைப் பார்க்க ஓடுவேன், ஓடுகிறவர்கள் தொட வேண்டிய மூன்றாவது பேஸுக்கு, அங்கே தீர்ப்புச் சொல்ல, அவர் வந்துவிட வேண்டும். இப்படித்தான் பேசிவைத்திருந்தோம்.

கடைசி இன்னிங்ஸில் பந்து உயரமாகப் போனது. கத்திவிட்டு ஓடினேன். பந்து தரையில் விழுந்தது. திரும்பினால் மூன்றாவது பேஸில் நடுவரே இல்லை. அண்ணாச்சி தன் இடத்திலேயே நிற்கிறார். ஓடிவந்த பெண் பேஸை நோக்கிச் சறுக்கினாள். பந்து வைத்திருந்தவளின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கால் பேஸில் படுமுன் அவள் பந்தால் இவளைத் தொட்டாளா என்று தெரியவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கையை உயர்த்தி அவுட் என்றேன். ஓடிவந்தவளின் அணி ஒரு ரன்னில் தோற்றது.

அந்தப் பெண் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்து கேட்டாள்.

"மிஸ், நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சிக்கு போன் செய்து, நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"காத்துல நீங்க கத்துனது கேக்கல டீச்சர். ஆனா நின்ன எடத்துலருந்தே எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அவ கால் முதல்லயே பேஸுல இருந்துச்சு."

"அங்கனயே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி?"

"நீங்க எங்கிட்ட கேக்கலையே."

முடிவு இனி மாறாது. ஆனாலும் திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போய், அவளிடமே சொல்ல வேண்டும். பெயர்கூடத் தெரியாது. சட்டை எண் பதினொன்று.