முதல் தாளின் உச்சியில்

உ
6.11.2006, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். பஸ் பிந்தி, நானும் பிந்தி. மேலாளர் ஃப்ராவ் கிரூபர் மணிக்கூட்டை மட்டும் பார்த்தார். திட்டினாலாவது மனம் ஆறும்.

ஆவணக் காப்பகத்தில் பதினோராவது மாதம். முழுக்க ஹோல்ட்மன் குடும்பத்துக் கடதாசிகள்தான். இந்தச் சின்ன ஊரிலிருந்து கப்பலேறிப் போய், பிலடெல்பியாவில் பெரிய வணிகர்களானவர்கள். இருநூறு வருசக் கடதாசிகளை வம்சத்தின் கடைசிப் பெண் ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டாள். 23 பெட்டிகள். தூசி தட்டுவது, துருப்பிடித்த குண்டூசி கழற்றுவது, ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண் போடுவது. இவ்வளவுதான் என் வேலை. இன்று கடைசிப் பெட்டி தொடங்கினேன்.

கைக்கு வந்தவை:
– சலவைப் பட்டியல் (காலுறை 14, இரவுத் தொப்பி 6)
– கடிதத்துக்குள் மடித்த பால்பல் ஒன்று. யாருடையது என்று இல்லை
– நீலத் துணித்துண்டு. "இதே நிறம், வேறு வேண்டாம்"
– கப்பல் தலைவனுக்குக் கோபக் கடிதம், பெட்டியின் முதல் தாள். மிளகு நனைந்துவிட்டதாம்

மிளகுக் கடிதத்தை முகர்ந்து பார்த்தேன். வெறும் தூசி. ஆனாலும் மத்தியானம் வரை ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இல்லை, துறைமுகம். பாய்மரங்கள்கூடத் தெரிந்தன.

மாத முடிவோடு ஒப்பந்தம் (ஃபெர்ட்ராக்) முடிகிறது. நிரந்தரமாக்குவது ஃப்ராவ் கிரூபர் கையில். பதினெட்டு வருசம் ஹோட்டல் அறை துடைத்தவள் நான். இந்த வேலை எனக்கு வேணும். வேறென்ன எழுத.

(பால், வெங்காயம், பல்ப்.)

உ
8.11, புதன்

மூட்டம் விலகவில்லை. அமெரிக்காவிலிருந்து பேராசிரியை வந்தார். பெயர் மார்த்தா. எழுபது இருக்கும், நடைச் சப்பாத்து, பூதக்கண்ணாடி. ஜெர்மன் மெதுவாக, அழகாகப் பேசுகிறார். ஹோல்ட்மன்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்.

பன்னிரண்டு மணிக்கு என்னையும் ஃப்ராவ் கிரூபரையும் கூப்பிட்டார். முகமெல்லாம் சிவப்பு.

"எல்லாப் பெட்டியிலும் முதல் தாளின் உச்சியில் ஒரு சின்னக் குறி. மற்றத் தாள்களில் இல்லை. இது குடும்பத்தின் இரகசிய அடையாளம்! யாரும் இதுவரை கவனிக்கவில்லை!"

"பென்சில் மாதிரி இருக்கிறதே," என்றார் ஃப்ராவ் கிரூபர்.

"அந்தக் காலத்திலும் பென்சில் இருந்தது."

கண்ணாடி என் கைக்கு வந்தது. பார்த்தேன். பிள்ளையார் சுழி. என்னுடையது. வாலைக் கொஞ்சம் நீட்டிப் போடுவேன், அதே வால்.

போட்ட ஞாபகமே இல்லை. கை போட்டிருக்கிறது. 23 தரம்.

"உங்களுக்கு இதைப் பற்றி ஏதும் தெரியுமா?" என்று மார்த்தா கேட்டார்.

இல்லை என்றேன். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன்.

உ
9.11, வியாழன்

பின்னேரம் வீட்டில் இவரிடம் சொன்னேன். தேத்தண்ணி மூக்கால் வரும்வரை சிரித்தார்.

"அமெரிக்கன்ரை கடதாசியிலை பிள்ளையாரைக் குந்த வைச்சிட்டீர்!"

"சிரிக்காதேங்கோ. அந்த மனுசி அதைப் புத்தகத்திலை எழுதப்போறா."

"எழுதட்டுமன். ஆருக்குத் தெரியப்போகுது? நீர் வாயைத் திறந்தா ஃபெர்ட்ராக் கிடையாது. பிறகு வாளியும் துடைப்பமும்தான்."

அவர் சொல்வதும் சரி.

ஆனால் தாளில் பிழையாக ஏறியது இறங்காது. இருபது வருசத்துக்கு முன் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக இறங்கியபோது கையில் ஒரு கடதாசியும் இல்லை. கேட்டதற்கு யாரோ எனக்காகப் பதில் சொன்னார்கள். அன்றைக்கு எழுதிய பிறந்த தேதி பிழை. இன்றுவரை எனக்கு அந்த நாளில்தான் வாழ்த்து வருகிறது. வருசத்துக்கு ஒருமுறை யாரோ ஒருத்திக்குப் பதிலாக நான் கேக் வெட்டுகிறேன்.

10.11, வெள்ளி

மேலே ஒன்றும் போடவில்லை. வேண்டுமென்றே.

சொல்லிவிட்டேன். கோட்டைக் கழற்றவும் இல்லை, நின்றபடியே. "அந்தக் குறி நான் போட்டது. எங்கள் ஆட்கள் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் போடுவோம். நேற்று முன்தினம் பொய் சொன்னேன்."

மார்த்தாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை வந்தது. பிறகு அவர் 4ஆம் பெட்டியிலிருந்து ஹோல்ட்மன்களின் கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் மையால் இரண்டு லத்தீன் சொற்கள். கடவுளுக்குப் புகழ் என்று அர்த்தமாம்.

"பாருங்கள், இவர்களும் கூப்பிட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள்," என்று சிரித்தார்.

ஃப்ராவ் கிரூபர் சிரிக்கவில்லை. "அவர்கள் எழுதியது அவர்களுடைய தாளில். நீங்கள் எழுதியதும் அவர்களுடைய தாளில். இருபத்துமூன்றையும் அழியுங்கள். ஒப்பந்தம் பற்றி அடுத்த வெள்ளி."

14.11, செவ்வாய்

மழை. மென்மையான அழிப்பான், தூரிகை, மூச்சை அடக்கி. நேற்று 12, இன்று 11.

கடைசிப் பெட்டியில் அது மிளகுக் கடிதத்தின் தலையில் இருந்தது. கொஞ்சம் அழுத்திப் போட்டிருக்கிறேன். பென்சில் போய்விட்டது, விளக்கைச் சரித்தால் சின்னப் பள்ளம் தெரிகிறது. இந்தமுறை உடனே போய்ச் சொன்னேன். ஃப்ராவ் கிரூபர் வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். மிளகை முகர்கிறாரோ என்று நினைத்தேன்.

"இதற்கு மேல் தேய்த்தால் தாள் போய்விடும். விடுங்கள்."

இவர் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்து வைத்திருந்தார்.

17.11, வெள்ளி

வெயில்! ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் இல்லை, வெறும் கார்த் தரிப்பிடம்.

மேசையில் ஒப்பந்தம், இரண்டு பிரதி. நிரந்தரம் என்று எழுதியிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன், எழுத்துகள் மிதந்தன. கையெழுத்து கீழே என்று ஃப்ராவ் கிரூபர் விரலால் காட்டினார். குனிந்தேன். பேனை தன்பாட்டில் பக்கத்தின் உச்சிக்குப் போய்விட்டது. திடுக்கிட்டு நிறுத்தி, அவரைப் பார்த்தேன்.

"போடுங்கள்," என்றார். "இது உங்களுடைய தாள்."