பெருநாள் சட்டை

என் சுல்தானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆள் இருக்கும்போது இந்தப் பேரைச் சொல்ல வெட்கப்படுவேன். இப்போது யார் கேட்கப் போகிறார்கள் என்று எழுதிவிட்டேன்.

இன்றைக்குப் பெருநாள். நீங்கள் மவுத்தாகி நாற்பது நாள். நீங்கள் போனதற்காக நான் இருக்கிற இத்தா முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை நான் வாசல் தாண்டக் கூடாது, புதுசு கட்டக் கூடாது. தெருவும் ஊரடங்கில் அடைத்துக் கிடக்கிறது. "ஒனக்குத் தொணையா திண்டுக்கல் ஊரே இத்தா இருக்கு மதினி" என்று உங்கள் தங்கச்சி போனில் சொன்னாள்.

வருஷா வருஷம் போல நீங்களும் மகளும் ஒரே துணியில் தைக்கக் கொடுத்தீர்களே, கடையைப் பூட்டுவதற்கு முன்னால் தையல்காரர் இரண்டையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் நஸ்ரினுக்குச் சுடிதாரைப் போட்டுவிட்டேன். "யாரும்மா பாக்கப் போறா?" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

செத்த நேரத்தில் அதற்கு மேலே உங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். கை முழங்காலுக்குத் தொங்கியது. காலரைத் தூக்கிவிட்டு, அடுப்படிக்கும் ஹாலுக்கும் உங்களை மாதிரியே நடந்து, "என்ன புள்ள, மாப்பிள்ளை எப்படி?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

சட்டையை இப்போதுதான் மடித்தேன். பழைய அளவிலேயே தைத்திருக்கிறார். கடைசியில் அம்புட்டு மெலிந்து போனீர்களே, உங்களுக்கு இது சரியாக இருந்திருக்குமா?