பீடத் துணியில் விழுந்த கரி

கொடைரோடு
20.8.2006

அன்பு மகன் ரொனால்டுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் கேட்கிறேன். மாதா திருநாளுக்குக் கோவில் பீடத் துணி துவைக்கும் முறை இந்த வருஷமும் எனக்குத்தான். வெள்ளை வெளேரென்று துவைத்துக் கொடியில் போட்டால் காய்வதற்குள் பொடிப்பொடியாகக் கரி. பக்கத்து வீட்டுச் சிவனம்மாள்தான் குப்பை கொளுத்துகிறாள் என்று அவளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். அவள் என்னை மாடிக்குக் கூட்டிப்போய் மக்காச்சோள ஸ்டார்ச் ஆலையின் புகைபோக்கியைக் காட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ரோட்டோரப் புளியமரமெல்லாம் லாரி லாரியாக அந்த ஆலை பாய்லருக்குத்தான் விறகாகப் போகிறது. இப்போது இரண்டாவது பாய்லர் வைக்கிறார்களாம், ஆட்சேபணை இல்லையென்று ஊரே கையெழுத்துப் போட வேண்டுமாம். வியாழக்கிழமை நடந்த கூட்டத்துக்குக் கரி படிந்த துணியோடு போனேன். ஆலையின் கழிவுநீர்க் குட்டையில் கிளம்பும் வாயு புகையைவிட மோசமாகப் பூமியைச் சூடாக்கும், அதையே பிடித்து எரித்தால் விறகு மிச்சம் என்று, பாய்லர் வேலை பார்க்கிற நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஆலை மேனேஜர் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் பணக்கார நாட்டுக் கவலை, நம்ம புகை எம்மாத்திரம்மா என்றார். சுருக்கென்றது. மழை பொய்க்கிறது எங்க காட்டுலதானய்யா, பணக்காரன் காட்டுலயா என்று கேட்டுவிட்டேன். கையெழுத்துப் போடாதவர்களின் சோளத்தை ஆலை வாங்காது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நம் மூன்று ஏக்கர் சோளமும் கதிர் பிடித்து நிற்கிறது, பக்கத்தில் வேறு ஆலையும் கிடையாது. அப்பா, போட்டுத் தொலையேன் அமலா, எதுக்கு இம்புட்டு வீம்பு என்கிறார். எனக்கும் பயம்தான், ஆனாலும் போட மாட்டேன். நாமக்கல் கோழித் தீவனக்காரர்களைக் கேட்பேன், அவர்களும் கைவிட்டால் நம் மாடுகள் தின்னட்டும். ஆலையே வேண்டாமென்றா சொன்னேன்? குட்டையை மூடி வாயுவைப் பிடியுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது என்றேன். என்னிடம் ஏச்சு வாங்கிய சிவனம்மாளும் போடவில்லை. திருநாளுக்குப் பழைய துணியைத்தான் விரித்தோம். கரித்துணியை வெளுக்காமல் வைத்திருக்கிறேன், அடுத்து கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோக.

வாயு பிடிக்கும் முறையைப் படமாக வரைந்து உடனே அனுப்பு, மறந்துவிடாதே. வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஆலைக்காரர்கள் கேட்டுக் கிடைக்காத கையெழுத்தை உனக்குப் போடுகிறேன்.

உன் அம்மா
அ. அமலராணி