தளபதி மண்டியிட்ட விதம்

அன்புள்ள செல்லத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்கிறாய், ஆனால் போனில் தொண்டை கட்டின மாதிரி இருந்தது, அதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை, வெந்நீர் குடி. நம் பேரரசர் கல்லறையில் வெளிநாட்டுத் தளபதி மண்டியிட்டு வணங்கின படத்தைப் பார்த்து உங்கள் வகுப்பே புல்லரித்துப் போனதென்றாயே, நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன், யாரிடமும் காட்டாதே, அப்பா வேலை போய்விடும்.

அந்த மண்டபத்துத் தரை அப்பா பொறுப்பு, பளிங்கில் கீறல் விழாமலிருக்க வருகிறவர்கள் காலணிமேல் மாட்டும் துணி உறை என் பொறுப்பு, எலாஸ்டிக் கோத்துக் கோத்து உன் விரலும் தேய்ந்ததுதானே. எப்போதும் சாக்குத் துணியில்தான் தைப்பேன், வருகிறவர் தளபதி ஆயிற்றே என்று என் பட்டுப் புடவையைக் கிழித்து அடிப்பக்கமும் பட்டாகவே தைத்துவிட்டேன். அப்பாவோ, தளபதி முகம் தெரிகிற மாதிரி தரை மின்னட்டும் என்று மெழுகை ஒன்றுக்கு இரண்டாகப் பூசியிருக்கிறார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் இயற்பியல் பட்டம் வாங்கினவள், உராய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினவள்.

தளபதி மலர்வளையத்தோடு நெஞ்சை நிமிர்த்தி முதல் அடி வைத்தார், இரண்டாவது அடியை அவர் வைக்கவில்லை, அதுவாகப் போனது. வாசலிலிருந்து ஒரே வீச்சில் போய், முழங்கால் மடங்கி, நெற்றி கல்லறையில் பட நின்றார், வளையம் மட்டும் வைக்க வேண்டிய இடத்தில் அழகாகப் போய் உட்கார்ந்தது. எழுந்தால் மறுபடி வழுக்கும் என்று தெரிந்ததோ என்னவோ, அப்படியே இருந்தார். விருந்தாளியே மண்டியிடும்போது நாம் நிற்பதா என்று நம் தளபதியும் மண்டியிட, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பொத்பொத்தென்று விழுந்தார்கள். தூணுக்குப் பின்னால் அப்பாவுக்கு உயிரே இல்லை.

வெளியே வந்ததும் தளபதி மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தரை யார் பொறுப்பு என்று கேட்டாராம். கண்காணிப்பாளர், நாம் கடுகு என்போமே, எதற்கெடுத்தாலும் வெடிப்பவர், இவன்தாங்க, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன் என்றாராம். தளபதி முட்டியைத் தடவிக்கொண்டே, என்னை இதுவரைக்கும் எவனும் மண்டி போட வச்சதில்ல, இன்னிக்கு நானா வேணும்னுதான் போட்டேன், புரியுதா என்றாராம். அப்பா, புரியுதுங்க, நானும் அப்படித்தான் பார்த்தேன் என்றாராம்.

வேலை தப்பியதென்று மூச்சு விடுவதற்குள் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது, இனி வருகிற தலைவர்கள் எல்லோரும் இப்படியே மண்டியிட வேண்டுமாம், அன்றைய ஏற்பாட்டில் ஒன்றையும் மாற்றக் கூடாதாம். அடுத்து வரப்போகிறவர் கடற்படைத் தளபதி, இடுப்பில் ஆபரேஷன் ஆகிக் கைத்தடியோடு நடக்கிறவராம். அப்பா மெழுகு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். நான் ஒரு பக்கம் சாக்கும் ஒரு பக்கம் பட்டுமாகக் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் எனக்கு நரைத்துவிட்டது.

நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, நன்றாகப் படி. விடுதிக் குளியலறையில் பார்த்துக் காலை வை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா